சந்தா கட்டியவர்களுக்கே பூட்டு: ஒரு மெம்பர்ஷிப் ப்ளகின் கோளாறின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கட்டுரைகளும் பாடக் காணொளிகளும் வெளியிடும் ஒரு சிறிய தளத்தில் இது நடந்தது. தளம், இணையதளங்களை நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. ஒரு பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கும். மீதி, மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்டியவர்களுக்கு மட்டும். பணத்தை ஒரு பேமெண்ட் கேட்வே வசூலிக்கிறது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை ஒரு மெம்பர்ஷிப் ப்ளகின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துப் பொருத்தும் துணை மென்பொருள், முடிவு செய்கிறது. தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்த நிரலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் ஆசிரியர் குழுவில் ஒருவரே அன்றாடப் பராமரிப்பையும் பார்த்துவந்தார். கோளாறு முற்றிய பிறகு நான் வெளியிலிருந்து அழைக்கப்பட்டேன்.

இந்த நிகழ்வைப் பின்தொடர ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட தளத்தில் "இவர் உறுப்பினரா?" என்ற கேள்விக்கு மூன்று இடங்களில் பதில் இருக்கிறது. கேட்வேயில் அவருடைய சந்தாவின் நிலை இருக்கும். ப்ளகினின் சொந்த அட்டவணையில் காலாவதித் தேதி இருக்கும். வேர்ட்பிரஸின் பயனர் கணக்கில் 'உறுப்பினர்' என்ற ரோல், அதாவது அவருடைய உரிமைகளைக் குறிக்கும் அடையாளம், இருக்கும். மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும்வரை யாரும் இதை யோசிப்பதில்லை. இந்தத் தளத்தில் அவை பல மாதங்களாக வெவ்வேறு பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தன.

புகார்கள் வந்த விதம்

ஒரு நாள் காலையிலிருந்து உறுப்பினர்களின் மின்னஞ்சல்கள் வரிசையாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி: பணம் போய்விட்டது, வங்கியிலிருந்து செய்தியும் வந்துவிட்டது, ஆனால் தளம் "உங்கள் உறுப்பினர் காலம் முடிந்துவிட்டது" என்கிறது. முந்தைய இரவு மெம்பர்ஷிப் ப்ளகின் தானாக அப்டேட் ஆகியிருந்தது. வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், ப்ளகின்களின் தானியங்கி அப்டேட்டை டாஷ்போர்டிலேயே இயக்கிவிட முடியும். இங்கே எல்லா ப்ளகின்களுக்கும் அது இயங்கிக்கொண்டிருந்தது.

அப்டேட்தான் காரணம் என்று குழு முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. நேற்று வரை எல்லாம் சரியாக இருந்தது, இரவில் ஒன்று மாறியது, காலையில் உடைந்துவிட்டது. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுத் தரும்படிதான் என்னிடம் முதலில் கேட்டார்கள்.

முதலில் கவனித்தவை

எதையும் தொடுவதற்கு முன்னால் கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் முழுதாக பேக்கப் எடுத்தோம். பிறகு புகார்களை ஒரு தாளில் பிரித்து எழுதினோம்: எந்தத் திட்டம், எப்போது சேர்ந்தவர், கடைசியாக எப்போது பணம் கட்டினார், அது முதல் கட்டணமா, புதுப்பித்தலா. நிரலைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு இதைச் செய்தது பெரிய அளவில் உதவியது. தாள் நிரம்பியதும் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. வெளியே நின்றவர்கள் அனைவரும் புதுப்பித்தவர்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் மாதச் சந்தாக்காரர்கள்.

இந்த வேறுபாடு முக்கியமானது. புதிதாகச் சேருபவர் பணம் கட்டி முடித்ததும் அவருடைய பிரவுசர் தளத்துக்குத் திரும்பி வருகிறது. அப்போதே ப்ளகின் கேட்வேயிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு கதவைத் திறந்துவிடும். புதுப்பித்தல் அப்படியல்ல. அந்த நேரத்தில் உறுப்பினர் தூங்கிக்கொண்டிருக்கலாம். கேட்வே கார்டில் பணம் எடுத்துவிட்டு, "எடுத்தாயிற்று" என்று தளத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் செய்தி அனுப்பும். இதற்குத்தான் வெப்ஹூக் என்று பெயர். அந்தச் செய்தி வந்தால்தான் ப்ளகின் காலாவதித் தேதியைத் தள்ளிவைக்கும். ஆகவே புதியவர்கள் உள்ளே போகிறார்கள், புதுப்பித்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்ஹூக்கை.

கேட்வேயின் டாஷ்போர்டில், அனுப்பிய வெப்ஹூக் ஒவ்வொன்றுக்கும் தளம் என்ன பதில் தந்தது என்ற பதிவு இருக்கும். திறந்து பார்த்தோம். 200 என்ற வெற்றிப் பதில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் 301, அதாவது "முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது". அந்தப் பட்டியல் அப்டேட் நடந்த இரவில் தொடங்கவில்லை. பல மாதங்கள் பின்னோக்கிப் போனது.

அந்தத் தொடக்க நாளைக் குழுவிடம் சொன்னதும் ஒருவருக்கு நினைவு வந்தது. தள முகவரியின் முன்னால் இருந்த மூன்று டபிள்யூக்களை அன்றுதான் நீக்கியிருந்தார்கள். பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் விதியையும் சர்வரில் முறையாக எழுதியிருந்தார்கள். மனிதர்களுக்கு அது போதும், ஏனென்றால் பிரவுசர் அந்தத் திருப்பலைப் பின்பற்றிப் போய்விடும். கேட்வே போகாது. பாதுகாப்பு கருதி அது 301-ஐத் தோல்வியாகவே எடுத்துக்கொள்கிறது. சில முறை மறுபடி முயன்றுவிட்டு நிறுத்திவிடுகிறது. இந்தத் தோல்விகளைப் பற்றி கேட்வே எச்சரிக்கை மின்னஞ்சல்களும் அனுப்பியிருந்தது. அவை போய்ச் சேர்ந்தது, விலகிப்போன நிரலாளரின் பழைய முகவரிக்கு.

அப்படியானால் கேள்வி தலைகீழாகிறது. புதுப்பித்தல் செய்திகள் பல மாதங்களாக வந்து சேரவில்லை என்றால், நேற்று வரை எல்லோரும் எப்படி உள்ளே போனார்கள்?

கோப்புகளை ஒப்பிட்டதில் கிடைத்தது

அப்டேட்டுக்கு முந்தைய இரவின் தானியங்கி பேக்கப் ஹோஸ்டிங்கில் இருந்தது. அதிலிருந்த ப்ளகின் கோப்புகளையும், அதே பதிப்பின் தொடப்படாத புதிய பிரதியையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். ஒரே ஒரு கோப்பு மாறுபட்டது. பார்வையாளரை உள்ளே விடலாமா என்று தீர்மானிக்கும் செயற்கூற்றின் தொடக்கத்தில் நான்கு வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. மேலே 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு. அந்த வரிகளின் பொருள் இதுதான்: இந்தப் பயனருக்கு உறுப்பினர் ரோல் இருந்தால், காலாவதித் தேதியைப் பார்க்காமலேயே உள்ளே விடு.

காலாவதியானதும் ரோலை எடுத்துவிடும் வசதி ப்ளகினில் உண்டு. இங்கே அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எனவே ஒரு முறை உறுப்பினரானவர் என்றைக்கும் உறுப்பினர். சந்தாவை ரத்து செய்தவர்கள்கூட உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏன் புகார் செய்யப்போகிறார்கள்!

அந்த வரிகளை எழுதியவரைக் குறைகூறும் முன் காரணத்தைத் தேடினோம். குழுவின் பழைய மின்னஞ்சல்களில் அது இருந்தது. ஆரம்பத்திலேயே சில உறுப்பினர்கள், "ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்கும் நாளில் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்கிறது, அப்புறம் தானாகத் திறந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தார்கள். இது ஒரு உண்மையான சிக்கல். சில கேட்வேக்களில், சந்தாக் காலம் முடிந்த உடனே பணம் எடுக்கப்படுவதில்லை. புதிய பில் முதலில் வரைவாக உருவாகி, சுமார் ஒரு மணி நேரம் அப்படியே இருந்து, அதற்குப் பிறகே வசூலாகும். ப்ளகினோ காலாவதி நொடியிலேயே கதவைச் சாத்திவிடுகிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் நிரலாளர் அவசரமாக நான்கு வரிகளைச் சேர்த்திருக்கிறார். பிறகு டொமைன் (தள முகவரி) மாறியது, வெப்ஹூக் அறுந்தது, அந்த நான்கு வரிகளே அதை மூடி மறைத்தன. அப்டேட் வந்து ப்ளகினின் கோப்புகளை அழித்துப் புதியவற்றைப் போட்டபோது அந்த வரிகள் போய்விட்டன. ப்ளகின் பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகத் தேதியைப் பார்த்தது.

அதாவது, அப்டேட் எதையும் உடைக்கவில்லை. உடைந்திருந்ததை வெளிக்காட்டியது.

பழைய பதிப்புக்குத் திரும்பாததன் காரணம்

இங்கேதான் குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பழைய பதிப்பைப் போட்டால் புகார்கள் உடனே நின்றுவிடும் என்பது உண்மை. உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

நான் வேண்டாம் என்றேன். புதிய பதிப்பின் மாற்றக் குறிப்பில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் சொல்லப்பட்டிருந்தது; அதை விட்டுவிட்டுப் பின்னால் போவது, பணம் சம்பந்தப்பட்ட தளத்தில் சரியல்ல. இன்னொன்று, அப்டேட்டின்போது ப்ளகின் தன் தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பையும் மாற்றியிருந்தது. கோப்புகளை மட்டும் பழையதாக்கினால் இரண்டும் பொருந்தாமல் போகும். தரவுத்தளத்தையும் பழையதாக்கினால், இடையில் சேர்ந்தவர்களின் பதிவுகள் தொலையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நான்கு வரிகள் திரும்பி வந்தால் கோளாறும் திரும்பப் போர்வைக்குள் போய்விடும்.

ஆனால் பணம் கட்டியவரை வெளியே நிறுத்திவிட்டு நிதானமாக ஆராய்வதும் நியாயமில்லை. எனவே ஒரு தற்காலிக அனுமதி தந்தோம். ப்ளகின் தன் தீர்ப்பை வெளியிடும் முன், அதை வேறு நிரல் மாற்றுவதற்கு ஒரு ஃபில்டரைத் திறந்து வைத்திருக்கிறது. அதைப் பிடித்து ஒரு சிறிய கோப்பு எழுதினோம்: உறுப்பினர் ரோல் இருந்து, காலாவதித் தேதி டொமைன் மாறிய நாளுக்குப் பிறகு விழுந்திருந்தால் உள்ளே விடு. இந்த விதி 14 நாட்களில் தானாகச் செயலிழக்கும்படி, முடிவுத் தேதியை நிரலுக்குள்ளேயே எழுதினோம். ரத்து செய்த சிலரும் அந்த இரண்டு வாரங்கள் உள்ளே வருவார்கள் என்பது தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம்.

அந்தக் கோப்பை வேர்ட்பிரஸின் எம்யூ-ப்ளகின்ஸ் கோப்புறையில் வைத்தோம். அதற்குள் நேரடியாக வைக்கப்படும் பிஎச்பி கோப்புகள் தானாகவே இயங்கும். டாஷ்போர்டிலிருந்து யாரும் தவறிப்போய் அணைத்துவிட முடியாது. மெம்பர்ஷிப் ப்ளகின் எத்தனை முறை அப்டேட் ஆனாலும் அதைத் தொடாது. துணைக் கோப்புறைக்குள் வைத்தால் மட்டும் அது இயங்காது. இந்த விவரத்தைக் கவனிக்காமல் குழம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோப்பு ஏறியதும் புகார்கள் அன்றே அடங்கின. குறையின் வேரைத் தொட அவகாசம் கிடைத்தது.

வெப்ஹூக்கைச் சரிசெய்தல்

கேட்வேயில் வெப்ஹூக் முகவரியைப் புதிய டொமைனுக்கு மாற்றி, ஒரு சோதனைச் செய்தி அனுப்பினோம். 301 போய் 400, அதாவது "கோரிக்கை தவறானது", வந்தது. செய்தி உண்மையிலேயே தன்னிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட, கேட்வே ஒவ்வொன்றிலும் ஒரு கையொப்பம் சேர்க்கிறது. அதைச் சரிபார்க்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். புதிய முகவரியைத் தனியாகப் பதிவு செய்ததால் சாவியும் புதிது. ப்ளகினின் அமைப்புகளில் பழைய சாவியே இருந்தது. அதை மாற்றியதும் 200 வந்தது. அன்றிரவு வந்த முதல் உண்மையான புதுப்பித்தலை லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) பார்த்து, அந்த உறுப்பினரின் தேதி தள்ளிப்போயிருக்கிறதா என்று அட்டவணையிலும் உறுதி செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம். 200 என்பது "செய்தி கிடைத்தது" என்பதற்கு மட்டும் அடையாளம். தளம் அதை வைத்துச் சரியானதைச் செய்தது என்பதற்கு அல்ல.

பழைய கணக்கை ஒத்துப்பார்த்தல்

அடுத்தது, தொலைந்த மாதங்கள். பழைய செய்திகளை மறுபடி அனுப்பச் சொல்ல கேட்வேயில் வசதி உண்டு. ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்கு உட்பட்டவற்றை மட்டுமே அப்படி அனுப்ப முடியும். நம்முடைய இடைவெளி அதைவிட நீளம். தவிர, ஒவ்வொரு செய்திக்கும் ப்ளகின் "புதுப்பித்ததற்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும். மூன்று மாதத்துக்கு முந்தைய நன்றி மூன்று முறை வந்தால், ஏற்கெனவே கலங்கியிருப்பவர்கள் இன்னும் கலங்குவார்கள். எனவே மறுஅனுப்புதலை விட்டுவிட்டு, இன்றைய நிலையை நேரடியாக ஒத்துப்பார்த்தோம்.

யாருடைய சொல் இறுதி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பணம் வந்ததா என்பதற்கு கேட்வேதான் சாட்சி. எனவே கேட்வே சொல்வது உண்மை. ப்ளகினின் தேதி அதைப் பின்பற்ற வேண்டும். ரோல் அந்தத் தேதியைப் பின்பற்ற வேண்டும். எழுதிவைத்துப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் இந்த வரிசைதான் பின்னால் வந்த ஒவ்வொரு முடிவையும் எளிதாக்கியது.

வேலையைத் தளத்தின் ஒரு ஸ்டேஜிங் பிரதியில், அதாவது சோதனைக்கான தனி நகலில், முதலில் செய்தோம். மெம்பர்ஷிப் தளத்தைப் பிரதி எடுக்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. பிரதிக்குள் உண்மையான கட்டணச் சாவிகளும் உண்மையான மின்னஞ்சல் முகவரிகளும் அப்படியே வந்துவிடும். சாவிகளைச் சோதனைச் சாவிகளாக மாற்றி, வெளியே போகும் மின்னஞ்சலை முழுதாக நிறுத்திய பிறகே பிரதியைத் திறந்தோம்.

கேட்வேயிலிருந்து எல்லாச் சந்தாக்களின் பட்டியலையும் இறக்கினோம். இரண்டு பட்டியல்களையும் மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பொருத்தத்தான் முதலில் தோன்றும். அது சரிவராது, ஒரு முகவரியில் பதிவு செய்துவிட்டு, இன்னொன்றில் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். சந்தா எண்ணை வைத்துப் பொருத்தினோம். வேர்ட்பிரஸைக் கட்டளை வரிகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ மூலம் ஓடும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, முதல் ஓட்டத்தில் எதையும் மாற்றாமல், என்ன மாற்றியிருக்கும் என்பதை மட்டும் அச்சிடச் சொன்னோம்.

அந்த வெள்ளோட்டம் ஒரு விபத்தைத் தடுத்தது. ஆசிரியர் குழுவில் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் சந்தாவும் கட்டி, பிறகு ரத்து செய்திருந்தார். ஸ்கிரிப்ட் அவரைச் சாதாரண வாசகராக மாற்றப்போவதாகச் சொன்னது. வேர்ட்பிரஸில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரோல்கள் இருக்கலாம். 'ரோலை அமை' என்ற கட்டளை இருப்பவற்றையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்கும். 'ரோலைச் சேர்', 'ரோலை நீக்கு' ஆகியவை குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தொடும். ஸ்கிரிப்டில் முதலாவது இருந்தது, மாற்றினோம். இல்லையென்றால் அவருடைய ஆசிரியர் உரிமை சத்தமில்லாமல் போயிருக்கும்.

உண்மைத் தளத்தில் ஓட்டியபோது பெரும்பாலானவை தானாகப் பொருந்தின. சந்தா எண்ணே இல்லாத சில கணக்குகள், பரிசாகத் தரப்பட்டவை, கையால் பார்க்க வேண்டியிருந்தது. ரத்து செய்த பிறகும் படித்துக்கொண்டிருந்தவர்களிடம் என்ன கேட்பது என்ற பேச்சு வந்தது. குழு ஒருமனதாக முடிவெடுத்தது: எதுவும் கேட்பதில்லை. கதவு திறந்திருந்தது தளத்தின் பொறுப்பு.

தேடாமலே கிடைத்த கசிவுகள்

ஒத்துப்பார்த்த பிறகும் ஓரிருவர் பூட்டிய பக்கமே தெரிகிறது என்றார்கள். அதைச் சோதிக்க லாகின் செய்யாத ஒரு பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, பணம் கட்டியவர்களுக்கான முழுக் கட்டுரையும் வந்து நின்றது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மிகத் தீவிரமான கண்டுபிடிப்பு இதுதான். பூட்டப்பட்டவர் புகார் செய்வார். திறந்திருப்பதைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள்.

காரணம் கேஷ், அதாவது ஒரு முறை உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே தரும் ஏற்பாடு. தளத்தின் முன்னால் ஒரு கேஷ் அடுக்கு இருந்தது, வேகத்துக்காக எல்லாப் பக்கங்களையும் சேமிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. லாகின் செய்தவரின் பிரவுசரில் வேர்ட்பிரஸ் ஒரு குக்கி வைக்கும். அந்தக் குக்கி இருந்தால் கேஷ் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த விதி இல்லை. ஒரு உறுப்பினர் முதலில் திறந்தால் முழுக் கட்டுரை சேமிக்கப்பட்டு எல்லோருக்கும் போகும். வெளியாள் முதலில் திறந்தால் பூட்டிய பக்கம் சேமிக்கப்பட்டு உறுப்பினருக்கும் அதுவே போகும். குக்கி விதியைச் சேர்த்தோம். பூட்டிய பக்கங்கள் "என்னைச் சேமிக்காதே" என்ற தலைப்புத் தகவலுடன் போகும்படி செய்தோம். இருந்த கேஷ் முழுவதையும் அழித்தோம்.

அதே கேஷ் இன்னொன்றையும் கெடுத்திருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்ட வேர்ட்பிரஸின் உள்ளே இருக்கும் கிரான் உண்மையான கடிகாரம் அல்ல. யாராவது பக்கத்தைத் திறந்து பிஎச்பி ஓடும்போதுதான், "நேரமாகிவிட்ட வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று அது பார்க்கும். பக்கங்களையெல்லாம் கேஷே தந்துவிட்டால் பிஎச்பி அரிதாகவே ஓடும். காலாவதி நினைவூட்டல்கள் தாமதமாகப் போனதன் காரணம் இதுவே. உள்ளமைந்த தூண்டலை அணைத்து, சர்வரின் கிரான் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அதை எழுப்பும்படி செய்தோம்.

கசிவு என்று வந்தபின் மற்ற வாசல்களையும் தட்டிப் பார்த்தோம். ப்ளகின் பூட்டுப் போட்ட முறை, வெளியாள் பக்கத்தைத் திறந்தால் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. பிரவுசரில் வருபவருக்கு அது சரி. ஆனால் வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பிலிருந்து, 2016 முதல், பதிவுகளின் உள்ளடக்கத்தை ரெஸ்ட் ஏபிஐ வழியாகவும், அதாவது மற்ற நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல் வழியாகவும், படிக்கலாம். அந்த வழியில் திருப்பல் நடக்கவே இல்லை. முழு உரையும் வந்தது. உள்ளடக்கத்தையே வடிகட்டும் இன்னொரு முறை ப்ளகினின் அமைப்புகளில் இருந்தது, அதற்கு மாறினோம். அதே மாற்றம், புதிய கட்டுரைகளைப் பிற செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் ஊட்டத்தையும் சரியாக்கியது.

பிடிஎஃப் கோப்புகளின் கதை வேறு. பதிவேற்றக் கோப்புறையில் இருப்பவற்றை சர்வர் நேரடியாக எடுத்துக் கொடுக்கும். வேர்ட்பிரஸுக்கே தெரியாது, ப்ளகினுக்கு எப்படித் தெரியும்? இதைத் தடுக்க ப்ளகின் ஒரு எச்டி-அக்சஸ் கோப்பை, அதாவது அணுகல் விதிகள் எழுதிய கோப்பை, அங்கே வைத்திருந்தது. அப்பாச்சி சர்வராக இருந்தால் பலித்திருக்கும். இந்தத் தளம் என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. பாட ஆவணங்களை இணையத்துக்கு எட்டாத கோப்புறைக்கு நகர்த்தி, உறுப்பினரா என்று பார்த்த பிறகே கொடுக்கும்படி மாற்றினோம்.

கேட்ட மாற்றங்களைச் சரியான இடத்தில் வைத்தல்

கோளாறு தீர்ந்த பிறகு, குழு நெடுநாளாக விரும்பிய தனிப்பயன் மாற்றங்களுக்கு வந்தோம். முதலாவது, எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்த ஒரு மணி நேர இடைவெளி. இப்போது அதற்கு முறையான சலுகைக் காலம் இருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் சந்தா உள்ளவருக்குக் காலாவதிக்குப் பின் 1 நாள். கார்டில் பணம் எடுக்க முடியவில்லை என்று கேட்வே சொன்னால், அது மறுபடி முயலும் காலத்துக்காக 7 நாட்கள். ரத்து செய்தவருக்குச் சலுகை கிடையாது, ஆனால் அவர் பணம் கட்டிய காலம் முடியும்வரை கதவு திறந்திருக்கும். ரத்து வேறு, பணம் தவறியது வேறு. பல தளங்களில் இரண்டையும் ஒன்றாக நடத்துவதைப் பார்க்கிறேன், உறுப்பினருக்கு அது அநியாயம்.

சலுகையை எங்கே எழுதுவது என்பதில் இரண்டு வழி இருந்தது. அட்டவணையிலேயே தேதியைக் கூட்டிவிடலாம், அல்லது தேதியை அப்படியே விட்டுவிட்டு நுழைவுச் சோதனையின்போது மட்டும் கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். முதலாவதில், கணக்கு ஒத்துப்பார்க்கும்போது உண்மையான தேதி எது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது மாற்றம், வெளியாளுக்குக் கட்டுரையின் முதல் 2 பத்திகளைக் காட்டுவது. பிரவுசரில் மறைப்பது மறைப்பே அல்ல, பக்க மூலத்தில் எல்லாம் தெரியும். எனவே சர்வரிலேயே வெட்டி அனுப்புகிறோம். மூன்றாவது, பூட்டிய பக்கத்தின் வாசகம். "உங்கள் காலம் முடிந்துவிட்டது" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, லாகின் செய்யாதவர், காலாவதியானவர், பணம் தவறியவர் ஆகிய மூவருக்கும் மூன்று செய்திகள், ஒவ்வொன்றிலும் அடுத்துச் செய்ய வேண்டியதற்கான இணைப்பு.

இவற்றில் எதுவும் ப்ளகினின் கோப்புகளுக்குள் இல்லை. நிரல் எல்லாம் தளத்துக்கென்று எழுதிய ஒரு தனி ப்ளகினில் இருக்கிறது. பக்க வார்ப்புருக்கள் சைல்ட் தீமில், அதாவது மூலத் தோற்ற வடிவமைப்பைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் தனித் தொகுப்பில், இருக்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் அது எந்தப் பதிப்பின் வார்ப்புருவிலிருந்து எடுக்கப்பட்டது என்ற எண்ணுடன்.

பின்னர் நடந்தது

தற்காலிக அனுமதி குறித்த நாளில் தானாக முடிந்தது. அன்று புகார் வருமா என்று எல்லோரும் காத்திருந்தோம்; வந்தவை, பரிசுக் கணக்குகளைப் பற்றியவை மட்டும். அந்தக் கோப்பை நீக்கினோம். நடந்ததை மறைக்காமல் எழுதி உறுப்பினர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. உள்ளே வர முடியாமல் போன நாட்களுக்கு ஈடாகத் தேதியும் நீட்டப்பட்டது. பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் காரணம் தெரிந்ததற்கு நன்றி சொன்னார்கள்.

அதன்பின் ப்ளகின் மேலும் சில முறை அப்டேட் ஆயிற்று. ஒரு முறை வார்ப்புருவின் பதிப்பு எண் மாறியதால் சைல்ட் தீமில் ஒரு கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. ஸ்டேஜிங் பிரதியிலேயே தெரிந்துவிட்டது, உறுப்பினர் யாரும் பார்க்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

மெம்பர்ஷிப் ப்ளகினுக்குத் தானியங்கி அப்டேட் இப்போது இல்லை. அப்டேட் வந்தால் முதலில் ஸ்டேஜிங்கில் போட்டு, புதிதாகச் சேருவது, புதுப்பிப்பது, ரத்து செய்வது, பணம் தவறுவது ஆகிய நான்கையும் சோதனைக் கட்டணத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சில நாட்களுக்குள் உண்மைத் தளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே.

ப்ளகின் கோப்புகளில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று அப்டேட்டுக்கு முன்னால் பார்க்கிறார்கள். வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்திலிருந்து வந்த ப்ளகின்களுக்கு டபிள்யூபி-சிஎல்ஐயில் ஒரே கட்டளையில் மூலக் கோப்புகளுடன் ஒப்பிடலாம். விலைக்கு வாங்கியவற்றுக்கு அது பொதுவாக உதவாது. புதிய பிரதியை இறக்கி ஒப்பிட வேண்டும். இதை முன்பே செய்திருந்தால் அந்த நான்கு வரிகள் அமைதியான ஒரு நாளில் கண்ணில் பட்டிருக்கும்.

கேட்வேயின் எச்சரிக்கைகள் தனிநபர் முகவரிக்குப் போகாமல், குழுவில் எல்லோரும் பார்க்கும் பொது அஞ்சல்பெட்டிக்குப் போகின்றன. டொமைன் போன்ற அடிப்படை மாற்றம் செய்யும்போது, வெளியிலிருந்து தளத்தைக் கூப்பிடும் சேவைகள் எவையெவை என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். ஒத்துப்பார்க்கும் ஸ்கிரிப்ட் மாதம் ஒரு முறை வெள்ளோட்டமாக ஓடி, கேட்வேயும் ப்ளகினும் ரோலும் முரண்படும் கணக்குகளை மட்டும் அஞ்சலில் அனுப்புகிறது. அது எதையும் தானாகத் திருத்துவதில்லை. அப்படி வேண்டுமென்றே விட்டிருக்கிறோம், முரண்பாடு ஏன் வந்தது என்று ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காக.

பரிசுச் சந்தாக்கள் இன்னும் கையால்தான் நடக்கின்றன. அவற்றுக்கு கேட்வேயில் பதிவே இல்லாததால், யாருடைய சொல் இறுதி என்ற கேள்விக்கு அங்கே வேறு பதில் வேண்டும். ப்ளகினின் அட்டவணையையே சாட்சியாக வைத்துக்கொண்டு, பரிசு தந்தவர், பெற்றவர், முடிவுத் தேதி ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதும் யோசனையைக் குழு இப்போது ஸ்டேஜிங்கில் சோதித்து வருகிறது.